கூவாகம்: ஒரு பெயர் பிறந்த ஊர்

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள கூவாகம், பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறிய வேளாண் கிராமம் ஆகும். 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் மாவட்டத்திலும், 2019இல் விழுப்புரமும் பிரிக்கப்பட்டபோது கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அது சேர்க்கப்பட்டது. பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணரும் திருநங்கையருக்கு, சட்டமும் பள்ளியும் குடும்பமும் ஒரு பெயரைத் தர மறுத்த காலத்தில், தாம் யார் என்பதை ஊரறியச் சொல்வதற்கான களத்தை இக்கிராமத்துக் கூத்தாண்டவர் கோயில்தான் அளித்தது. தமிழகத்தில் பாலின அடையாளத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் இக்கோயிலைத் தவிர்த்துவிட முடியாது.

கூத்தாண்டவர் எனப்படுபவர் அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த அரவான் ஆவார். வடமொழி பாரதத்தில் போர்க்களத்தில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படும் இவ்வீரன், தமிழ் மரபில் பாண்டவரின் வெற்றிக்காகத் தன்னையே களப்பலியாகக் கொடுப்பவனாக உருமாறுகிறான். இக்களப்பலியைப் பாடும் பழைய தமிழ் நூல் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பா ஆகும். அந்நூல் போற்றும் மூன்றாம் நந்திவர்மன் வெற்றி கண்ட தெள்ளாறு, திண்டிவனத்திலிருந்து வந்தவாசி செல்லும் வழியில் இன்றும் இருக்கிறது என்பதால், இக்கதைக்கும் இந்நிலப்பகுதிக்கும் உள்ள உறவு மிகப் பழையது எனலாம். செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் வேரூன்றிய திரௌபதி அம்மன் வழிபாடும், அவ்விழாக்களில் ஆடப்படும் தெருக்கூத்தும் அரவானின் கதையை எழுத்தறியாத மக்களிடமும் கொண்டுசேர்த்தன. பலியாவதற்கு முன் மணம் முடிக்க அரவான் விரும்பினான் என்றும், மறுநாள் சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வராததால் கண்ணனே மோகினி வடிவெடுத்து அவனை மணந்தான் என்றும் நாட்டார் வழக்கு கூறுகிறது. இந்த மோகினியிடத்தில்தான் திருநங்கையர் தம்மைக் கண்டுகொண்டனர்.

பாரதப் போரின் நாள் கணக்கை நினைவூட்டும் வகையில் 18 நாட்கள் நடைபெறும் சித்திரைத் திருவிழாவில், முழுநிலவு நாளன்று திருநங்கையர் மணக்கோலத்தில் கோயிலுக்கு வந்து பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்கின்றனர். வேண்டுதல் உடைய உள்ளூர் ஆண்களும் அவ்வாறே தாலி கட்டிக்கொள்வது இவ்விழாவின் மற்றொரு கூறாகும். எனவே இதைத் திருநங்கையரின் விழா என்று மட்டும் கூறுவது பொருந்தாது, சுற்றுவட்டார உழவர் சமூகங்களின் விழாவுக்குள் அவர்கள் தமக்கென ஓரிடத்தை உரிமையாக்கிக்கொண்டனர் என்பதே சரியாகும். இரவு முழுவதும் கற்பூரம் ஏற்றிக் கும்மியடித்து மகிழும் அவர்கள், மறுநாள் தேரில் வலம்வரும் அரவான் பலியிடப்பட்டதும் தாலியறுத்து, வளையல் உடைத்து, நீராடி, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைக்கின்றனர். பெற்ற வீட்டில் பெண்ணாக ஒரு பொட்டு வைத்துக்கொள்ளவும் இயலாமல் வளர்ந்த ஒருவர், இங்கே மனைவியாகவும் கைம்பெண்ணாகவும் ஊரார் முன்னிலையில் ஏற்கப்படுகிறார் என்பதில்தான் இச்சடங்கின் சமூகப் பொருள் அடங்கியுள்ளது.

விழா நாட்களில் விழுப்புரம் நகரம் ஆற்றிய பங்கும் குறிப்பிடத்தக்கது. பல திசைகளிலிருந்தும் இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பு என்பதால், வெளிமாநிலங்களிலிருந்தும் வரும் திருநங்கையர் இந்நகரின் விடுதிகளில் தங்கி அங்கிருந்து கூவாகம் செல்வது வழக்கமாயிற்று. மிஸ் கூவாகம் எனப்படும் அழகிப்போட்டியும் விழுப்புரத்திலேயே நடைபெறலாயிற்று. இக்கூடுகையில்தான் இளையோர் பலர் ஜமாத் எனப்படும் திருநங்கையர் சமூக அமைப்பை அறிந்துகொண்டனர். மூத்த திருநங்கை குருவாகவும், அவரால் மகளாக ஏற்கப்படும் இளையவர் சேலாவாகவும் அமையும் இவ்வமைப்பில், பாம்படுத்தி என்று வணங்குவதும் ஜியோ என்று வாழ்த்துப் பெறுவதும், நிர்வாணம் எனப்படும் பாலுறுப்பு நீக்கத்தின் பொருளும் கற்றுத்தரப்பட்டன. தன்னைப் போன்றவர் உலகில் வேறு எவரும் இல்லை என்று எண்ணி வளர்ந்த பிள்ளைக்கு, ஆயிரக்கணக்கானோரை ஒருசேரக் காண்பதே முதல் கல்வியாக இருந்தது.

பெயர்களின் வரலாறும் இதனோடு பின்னிக்கிடக்கிறது. பேடி என்னும் சொல்லின் இலக்கணத்தைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஆராய்கிறது. சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோராடலுள் பேடும் ஒன்று. இவ்வாறு இலக்கணத்திலும் கலையிலும் இடம்பெற்றவர்களைப் பிற்காலத் தெருவழக்கு அலி, ஒன்பது என்னும் வசைகளாலேயே அழைத்தது. அவ்வசைகளுக்கு மாற்றாக, அரவானின் துணைவியர் என்னும் பொருள்பட அமைந்த அரவாணி என்ற சொல் 1990களில் பரவிற்று. 1994இல் வெளிவந்த சு. சமுத்திரத்தின் வாடாமல்லி நாவல் இவர்களது வாழ்வைப் பெருவாரியான வாசகரிடம் கொண்டுசென்றது. பின்னர் ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் தம் சமூகத்தின் கதையைத் தாமே எழுதினர். ஒரு தொன்மத்தோடும் ஆண்டுதோறும் நேரும் கைம்மையோடும் தம்மைக் கட்டிப்போடாத பெயர் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றபோது, திருநங்கை என்னும் சொல் நிலைபெற்றது.

தமிழக அரசு 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கையர் நலவாரியத்தை அமைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண், பெண் அல்லாத பிறர் என்ற பிரிவில் இந்தியாவில் 4,87,803 பேரையும் தமிழ்நாட்டில் 22,364 பேரையும் பதிவு செய்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவரது பாலினத்தை அவரே தீர்மானிக்கலாம் என்றும், அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வரையறையில் கின்னர், ஹிஜ்ரா, ஜோக்தா ஆகியவற்றோடு அரவாணி என்னும் சொல்லும் இடம்பெற்றதால், கூவாகத்தின் தொன்மத்திலிருந்து பிறந்த பெயர் நாட்டின் சட்டநூலில் ஏறியது.

எனினும், கூவாகம் தந்த இடம் முழுமையானது அன்று. மணப்பெண்ணாக வருவோருக்கே அச்சடங்கில் வழி உண்டு. பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டுத் தம்மை ஆணாக உணரும் திருநம்பியருக்கும், ஆண், பெண் என்னும் இரண்டிலும் தம்மை அடக்கிக்கொள்ளாத இருமை கடந்த பாலினத்தவருக்கும் அங்கே ஏற்ற பாத்திரம் இல்லை. பெண்ணாகப் பிறந்தவர் ஊர்விட்டு ஊர் செல்வதையே குற்றமாகக் கருதிய சமூகத்தில், திருநம்பியருக்கு ஒரு கூவாகம் உருவாக வாய்ப்பும் இருக்கவில்லை. இவர்கள் அனைவரையும் தழுவும் திருநர் என்னும் பொதுச்சொல் மிக அண்மையில்தான் வழக்குக்கு வந்தது.

ஓர் உழவர் கிராமம் நெடுங்காலமாகச் செய்துவந்ததை நகரங்களின் பள்ளிகளும் வீடுகளும் செய்யத் தவறின என்பதே இவ்வரலாறு தரும் பாடம். தன்னை அறியத் தொடங்கும் பிள்ளை, தனக்குரிய பெயரைக் கேட்பதற்காக வீட்டைவிட்டு ஓடிச் சித்திரை முழுநிலவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்பெயரை அன்போடு முதலில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியருமே ஆவர்.