ஏழையை மறவாத பொருளியல்

நைஜீரியாவின் இஜேபு-ஓடே நகரில் 1930-இல் பிறந்த அடெபாயோ அடெடெஜி, பேராசிரியராயிருந்து அரசுப் பணிக்கு வந்தவர். உள்நாட்டுப் போர் ஓய்ந்த மறு ஆண்டு, 1971-இல், நாட்டின் பொருளாதார வளர்ச்சியும் சீரமைப்பும் அவர் பொறுப்பாயின. பட்டதாரிகளை வேற்று மாநிலங்களில் ஓராண்டு தொண்டாற்ற அனுப்பும் தேசிய இளைஞர் சேவைத் திட்டம் 1973-இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. பகைத்த இனங்கள் பழகினாலன்றோ பகை தீரும்! 1975-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 15 லாகோசில் கூடிப் பொருளாதாரச் சமூகம் கண்டதிலும் அவர் உழைப்புப் பெரிது.

அவ்வாண்டு முதல் 1991 வரை ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையத்தை அவர் நடத்தினார். கடனில் மூழ்கிய நாடுகளிடம், மானியத்தை நிறுத்து, நாணய மதிப்பைக் குறை, செலவைச் சுருக்கு என உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் நிபந்தனை விதித்த காலம் அது. வரவும் செலவும் சமன்படலாம். பள்ளியையும் மருந்தையும் இழந்த ஏழைக்கு ஈடு எது? இவ்வினாவோடு 1989-இல் அவரது ஆணையம் மாற்றுத் திட்டமொன்றை வெளியிட்டது. படைச் செலவைக் குறையுங்கள்; கல்வியிலும் உடல்நலத்திலும் கைவைக்காதீர்கள் என்றது அத்திட்டம். கடன் கொடுத்தோர் செவிசாய்க்கவில்லை.

1999-இல் அவ்விரு நிறுவனங்களுமே வறுமைக் குறைப்பை முன்னிறுத்தும் திட்டங்களுக்கு மாறின. 2018-இல் மறைந்த அடெடெஜி அம்மாற்றத்தைக் கண்டார். அதற்குள் பள்ளியை இழந்துவிட்ட பிள்ளைகளுக்கு அது காலங்கடந்த நீதி.