அம்மையல்லாத அம்மை

கெடாத் தோட்டங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, உடம்பில் செம்புள்ளிகள் எழும்பினால், "அம்மை வார்த்திருக்கிறது" என்று நம் பாட்டிமார்கள் உடனே சொல்லிவிடுவார்கள். வாசலில் வேப்பிலை ஏறும். அடுப்பில் தாளிப்பு நிற்கும். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் அம்மையைப்போல் முகங்காட்டிக்கொண்டு வரும் வேறொரு நோயும் உண்டு. அது பெரும்பாலும் நாம் விழுங்கும் மருந்தினால் வருவது. அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1922-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மருத்துவர்களான ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இருவர், 7 வயதும் 8 வயதுமான இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். கடுங்காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, வாய் நிறையப் புண், கண்களில் சீழ். முதலில் பார்த்த மருத்துவர்கள் அதைக் கடுமையான தட்டம்மை என்றே முடிவு செய்திருந்தார்கள். ஆகவே நம் பாட்டிமார்களைக் குறை சொல்வதற்கில்லை! இது அம்மையன்று, வேறு நோய் என்று அவ்விருவரும் கண்டார்கள். காரணம் மட்டும் அப்போது புலப்படவில்லை.

1935-இல் ஜெர்மானியரான டோமாக், முதல் சல்பா மருந்தை உலகுக்கு அறிவித்தார். சல்பா மாத்திரைகள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. அவற்றை உட்கொண்ட சிலருக்கு மட்டும் தோல் கொப்புளித்து உரிந்தது. 1956-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லயல் என்ற மருத்துவர், கொதிநீர் கொட்டியதுபோல் தோல் கழன்ற 4 நோயாளிகளை விவரித்தார். ஸ்டீவன்ஸ், ஜான்சன் கண்டதும் லயல் கண்டதும் ஒரே நோயின் இளைய வடிவமும் முதிர்ந்த வடிவமும் என்பதே இன்றைய கருத்து. இளையதில் 10 பேரில் ஒருவர்வரை இறக்கலாம். முதிர்ந்ததில் 3 பேர்.

இந்நோய் நம்மை ஏமாற்றுவது அதன் தாமதத்தால்தான். மருந்து தொடங்கிய அன்றே எதுவும் நேராது. 4 நாள் முதல் 4 வாரம்வரை கழித்தே காய்ச்சலும் தொண்டை வலியும் கண் சிவப்பும் தோன்றும். "முதல் வாரம் ஒன்றும் செய்யாத மாத்திரை இப்போதா செய்யும்?" என்று எண்ணி, அம்மைக்கு வேப்பிலையும் வைத்து, அந்த மாத்திரையையும் தொடர்ந்து கொடுத்தால், விஷத்தையே ஊட்டியதாகும். அம்மையில் தோல் அரிக்கும். இதில் தொட்டாலே வலிக்கும். உதட்டிலும் கண்ணிலும் பிறப்புறுப்பிலும் புண் தோன்றும்.

வலிப்புக்குத் தரும் கார்பமாசெப்பின், ஃபெனிட்டாய்ன், வாதநீருக்குத் தரும் அலோபியூரினால், சல்பா கலந்த கோட்ரைமோக்சசோல் ஆகியவையே இதில் பெயர் பெற்றவை. கோடிக்கணக்கானோருக்கு இவை நன்மையே செய்கின்றன. அப்படியானால் சிலரை மட்டும் ஏன் தாக்குகின்றன? 2004-இல் தைவான் ஆராய்ச்சியாளர்கள் விடையின் ஒரு பகுதியைக் கண்டார்கள். கார்பமாசெப்பினால் இந்நோய் கண்ட 44 பேரைச் சோதித்தபோது, 44 பேரிடமும் ஒரே பரம்பரைக் கூறு இருந்தது. பின்னர் மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் அதே தொடர்பு காணப்பட்டது. இன்று இரத்தச் சோதனையால் அதை முன்கூட்டியே அறியலாம்.

நோய் வந்துவிட்டால் முதல் வைத்தியம், புதிதாகத் தொடங்கிய மருந்தை நிறுத்துவதுதான். அன்றே சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கோ, அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். வலிப்பு மருந்தை நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். ஆகையால் வீட்டில் காத்திருக்கலாகாது. உட்கொண்ட மாத்திரைகள் அனைத்தையும் உறையோடு எடுத்துச் செல்லுங்கள். தீக்காயம் பட்டவரைப்போல் நீர்ச்சத்து ஏற்றி, புண்ணைப் பாதுகாத்து, கண்ணைத் தனியே கவனிப்பார்கள். கண்ணை அசட்டை செய்தால் பார்வையே போகக்கூடும். மஞ்சளும் எண்ணெயும் உரிந்த தோலுக்கு ஆகாது.

அந்நாளில் தோட்டத்து டிரெசருக்கு, எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது மனப்பாடம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் கூலிம், பீடோங், பாடாங் செராய் என்று பட்டணம் வந்தபின் அந்த நினைவும் சிதறிப்போயிற்று. அந்த டிரெசரின் இடத்தில் இன்று இருப்பது ஒவ்வாமை அட்டை. ஆகாத மருந்தின் பெயரெழுதி மருத்துவமனையில் தருவார்கள். மைகார்டுடன் சேர்த்து வைத்து, எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் பெயர் சொல்லும்போதே அதையும் நீட்டுங்கள்.