செவ்வாயின் மீது சுமத்திய குற்றம்

காஞ்சிக்கு மேற்கே இருக்கிறது திருப்புட்குழி. புள் வீழ்ந்த குழி என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் உரைப்பர். இராவணனோடு போரிட்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் ஆற்றிய இடம் இதுவே என்கிறது தலபுராணம். அதே ஊரில்தான், யாதவப் பிரகாசரிடம் பாடங்கேட்ட இராமானுசர், ஆசானின் உரை பொருந்தாது என்று எதிர்வாதம் புரிந்ததாக வைணவ மரபு கூறும். வீழ்ந்த பறவை பேசப்படும் அளவுக்கு, எழுந்த வினா பேசப்படுவதில்லை!

வானிலிருந்து வீழ்ந்த வேறொன்றும் உண்டு தோழர்களே! அதற்குத் தலபுராணம் இல்லை, தேதி இருக்கிறது. 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25. பீகாரில், கயைக்கு அருகே ஷெர்காட்டி என்னும் ஊரில் வீழ்ந்தது ஒரு கல். எடை ஏறத்தாழ 5 கிலோ. எரிமலைக் குழம்பு உறைந்து ஆன கல் அது. விண்ணில் ஏது எரிமலை? நூறாண்டுக்கு மேல் நின்றது அந்த வினா.

1976-இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி, அங்குள்ள காற்றை அளந்தன. தென்துருவப் பனியில் கிடைத்த, ஷெர்காட்டிக் கல்லின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த காற்றும் அதே காற்று என்பதை 1983-இல் வெளியான ஆய்வு காட்டியது. விண்கல் ஏதோ ஒன்று மோதியதால் செவ்வாயிலிருந்து சிதறிய கற்கள் இவை. அந்த இனத்துக்கே இன்று ஷெர்காட்டியின் பெயர்!

அத்தகைய குழம்பு எழுப்பிய மலைகளைக் கேடய எரிமலைகள் என்பர். கவிழ்த்து வைத்த கேடயம் போன்று, அகன்று, சரிவு குறைந்து கிடப்பதால் அப்பெயர். களியைக் கொட்டினால் குவியும். கஞ்சியைக் கொட்டினால் பரவும். நீர்த்த குழம்பு நெடுந்தொலைவு ஓடி, உறைந்து, அதன்மேல் மீண்டும் ஓடி, மலையாகிறது. பூமியில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா அத்தகையது. வெள்ளியிலும் உண்டு. அங்கே மாட் மலையில் ஓர் எரிமலை வாய் 1991-இல் எட்டே மாதத்தில் உருமாறியதை, மெகல்லன் கலத்தின் பழைய படங்களை ஆராய்ந்து 2023-இல் கண்டறிந்தனர்.

ஆயினும் மலைகளுக்கெல்லாம் மன்னன் செவ்வாயின் ஒலிம்பசு. 1879-இல் இத்தாலிய அறிஞர் சியாப்பரெல்லி தொலைநோக்கியில் ஒரு வெண்புள்ளியைக் கண்டு, ஒலிம்பியப் பனி என்றார். 1971 நவம்பரில் மாரினர் 9 சென்றபோது, கிரகத்தையே புழுதிப்புயல் போர்த்தியிருந்தது. போர்வைக்கு மேலே தெரிந்தவை நான்கே கரும்புள்ளிகள். புழுதி அடங்கியது, புள்ளிகள் மலையுச்சிகளாயின! ஒலிம்பசின் உயரம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். எவரெஸ்டைப் போல் இரண்டரை மடங்கு. அகலம் 600 கிலோமீட்டர். சென்னைக்கும் குமரிமுனைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ அவ்வளவே.

ஏன் இத்தனை பெருமலை? பூமியின் மேலோடு நகர்கிறது. ஆகவே ஹவாயில் ஒரு மலை வளருமுன் ஊற்றை விட்டு விலக, அடுத்தது பிறக்கிறது. தீவுகள் வரிசையாயின. செவ்வாயின் மேலோடு அவ்வாறு நகர்வதில்லை. ஒரே வாய் ஊழி ஊழியாகக் கொட்டியது. ஒரே மலை ஓங்கியது.

இந்த மலைநாட்டை நம்மவரும் கண்டனர். 2013 நவம்பர் 5 அன்று மங்கள்யான் புறப்பட்டது. திட்ட இயக்குநர்களுள் ஒருவர் கோவை மாவட்டத்து மயில்சாமி அண்ணாதுரை. புறப்பட்ட நாள் என்ன கிழமை? செவ்வாய்க்கிழமை! 'செவ்வாயோ வெறுவாயோ' என்று நல்ல செயலுக்கு நம் வீடுகள் ஒதுக்கும் நாள். 2014 செப்டம்பர் 24-இல் கலம் முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்றலாயிற்று. ஆர்சியா என்னும் கேடய எரிமலையைப் படம் பிடித்தது. 2022-இல் தொடர்பு அறும்வரை எட்டாண்டு உழைத்தது.

கலம் அங்கே கண்டதென்ன? சினமா? சீற்றமா? சிவப்பு, குருதியன்று, இரும்பின் துரு. மலை, கோபமன்று, குளிர்ந்த குழம்பு. ஆனால் இங்கே, 'செவ்வாய் தோஷம்' என்ற இரண்டே சொல்லால் எத்தனை பெண்களின் மணம் தடைபடுகிறது! தறிமுன் குனிந்து ஈட்டிய கூலியைப் பரிகாரத்துக்குக் கொட்டும் தந்தையர் எத்தனை பேர்!

ஓடி உறைந்த கல்லுக்கு, ஊரில் பிறந்த பெண்ணின் மீது என்ன பகை? குற்றம் கிரகத்தினுடையதன்று, கட்டத்தில் அதைக் குந்த வைத்த நம்முடையது. இளைஞனே! பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் சாதகத்தை நீட்டினால், வாங்காதே. ஷெர்காட்டிக் கல்லின் கதையைச் சொல். ஆசானையே வினவிய மாணவனின் ஊர் நம் பக்கத்தில் இருக்கிறது. சோதிடனை வினவ உனக்கென்ன தயக்கம்?