தாயான பின் செவிலியர் கல்வி: வரலாறு தரும் விடை



பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்லும் வயதில் தாய் கல்லூரிக்குச் செல்வதா? நம் மஹல்லாக்களில் இக்கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. செவிலியர் பட்டயம் பெற்று மருத்துவமனையில் பணியாற்றும் சகோதரி, பட்டப் படிப்பைத் தொடர விரும்புகிறார். இரவுப் பணி, பிள்ளைகளின் சோறு, தேர்வு ஆகிய மூன்றையும் அவர் எப்படிச் சுமப்பார் என்று குடும்பத்தார் தயங்குகின்றனர். இத்தயக்கத்தை நாம் இகழவில்லை. ஆயினும் முடிவெடுக்கும் முன் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நலம்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரை ருஃபைதா அல் அஸ்லமிய்யா (ரலி) அவர்களின் கூடாரத்தில் சேர்க்கப் பணித்தார்கள். அக்கூடாரம் மஸ்ஜிதுந் நபவியில் இருந்தது. காயமுற்றோருக்குப் பணிவிடை செய்வதையே அப்பெண்மணி தம் தொண்டாகக் கொண்டிருந்தார். உம்மு அதிய்யா (ரலி) அவர்களும் ஏழு போர்களில் கலந்து, உணவு சமைத்தும் நோயாளிகளைக் கவனித்தும் தொண்டாற்றினார்.

மணமான பெண் கற்பதற்கும் சான்று உண்டு. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி). எழுத்தைக் கற்பித்தது போலவே, நம்லா எனும் தோல் நோய்க்கு ஓதிப் பார்க்கும் முறையையும் ஹஃப்ஸாவுக்குக் கற்பிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஷிஃபாவிடம் கூறினார்கள். அப்போது ஹஃப்ஸா (ரலி) நபியவர்களின் மனைவி. இல்லறத்துக்குள் வந்த பிறகும் அவரது கல்வி தொடர்ந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயாவாக எண்ணினார்கள். சிலர் நிறைவேற்றினால் அனைவர் மீதும் உள்ள பொறுப்பு நீங்கும். எவரும் நிறைவேற்றாவிடில் சமுதாயம் முழுவதும் குற்றத்துக்கு உள்ளாகும். இதன் பொருளைத் திண்டிவனம் நமக்குக் காட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஐடா ஸ்கடர் எனும் இளம்பெண்ணை நாடி வந்தனர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடாவோ மருத்துவம் கற்காதவர். அவர் தந்தை மருத்துவர். ஆனால் அந்நிய ஆண் தம் மனைவியைப் பார்ப்பதற்கு மூவரும் உடன்படவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அக்கணவன்மாருள் ஒருவர் முஸ்லிம். அந்நிகழ்வுக்குப் பின் ஐடா மருத்துவம் பயின்று திரும்பி, 1909இல் வேலூரில் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அங்கேயே 1946இல் செவிலியர் பட்டப் படிப்பும் தொடங்கியது.

பெண்ணைப் பெண்ணே பார்க்க வேண்டும் என்று விரும்பும் நாம், பெண்கள் அக்கல்வியைக் கற்பதற்கும் வழிவிட வேண்டும் அல்லவா? ஒன்றை வேண்டி மற்றொன்றைத் தடுத்தால், அதன் விலையைப் பிரசவ அறையில் கிடக்கும் பெண்ணே கொடுக்கிறாள்.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையை நோக்குவோம். அம்மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு உள்ளது. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். 1993இல் மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கு ஓலைக் குடிசையில் சிகிச்சையைத் தொடங்கினர். அக்காலத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்பே இறந்தன எனப் பதிவுகள் கூறுகின்றன. அவர்கள் அப்பகுதிப் பெண்களையே மருத்துவமனைப் பணிக்குப் பயிற்றுவித்தனர். ஊர்தோறும் வயதில் மூத்த பெண்களைத் தேர்ந்து, கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் வீடு தேடிச் சென்று பார்க்கவும் கற்பித்தனர். பின்னாளில் சிசு மரணம் பன்மடங்கு குறைந்தது. குடும்பம் நடத்திய கைகளே அங்கு மருத்துவப் பணியையும் கற்றுக்கொண்டன.

பணியில் உள்ளோர் மேலும் கற்பதற்கு நாட்டின் கல்வி அமைப்பும் இடமளித்தது. பட்டயம் பெற்ற செவிலியர் இரண்டாண்டு பயின்று பட்டம் பெறும் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. 1990களில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பணியில் இருந்தவாறே பயிலும் செவிலியர் பட்டப் படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் தொடங்கியது.

எனினும் சட்டமும் பாடத்திட்டமும் வீட்டில் சோறு வடிக்கா. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அந்த ஸுன்னத்தைக் கணவர் கைக்கொண்டால் தேர்வுக் காலங்களில் மனைவியின் சுமை பாதியாகும். மாமியாரும் நாத்தனாரும் பிள்ளைகளை ஓரிரு மணி நேரம் பார்த்துக்கொண்டால், அதுவும் அக்கல்விக்குச் செய்யும் உதவியே. ஜமாஅத்தின் கல்வி உதவி இளம் மாணவர்களோடு நின்றுவிடாமல் இத்தாய்மார்களையும் எட்ட வேண்டும். படிக்கச் செல்லும் சகோதரியும் பிள்ளைகளின் உரிமைகளை மறவாமல், நேரத்தைக் குடும்பத்தாரோடு கலந்து பேசி வகுத்துக்கொள்வது கடமை.

இவ்வாண்டு உங்கள் இல்லத்தில் ஒரு சகோதரி விண்ணப்பப் படிவத்தோடு வந்து நின்றால், வயதைக் கேட்கும் முன் அவருக்கு என்ன உதவி தேவை என்று கேளுங்கள். நோயாளிகளின் துயர் நீக்கக் கற்போருக்கு அல்லாஹ் கல்வியை எளிதாக்குவானாக. ஆமீன்.