பத்திரிகைக் காகிதம்

பத்திரிகைக் காகிதம் என்பது நாளிதழ் அச்சிடப் பயன்படும் பூச்சில்லாத, மெல்லிய, விலை குறைந்த தாள். அச்சகங்களில் நியூஸ்பிரிண்ட் என்றே இதற்குப் பெயர். சதுர மீட்டருக்கு 42 முதல் 49 கிராம் வரை எடையிருக்கும். 45 கிராம் தாளே பெருவழக்கு. 12 பக்கமுள்ள பெரிய அளவு நாளிதழ் ஒரு பிரதி ஏறத்தாழ 50 கிராம் வரும். லட்சம் பிரதி அச்சிடும் நிறுவனத்துக்கு அன்றாடம் 5 டன் தாள் வேண்டும்.

இதழியல் அறம் என்றால் பொய்ச் செய்தி, காசு வாங்கி எழுதும் செய்தி, விளம்பரதாரருக்கு வளைவது ஆகியவற்றைத்தான் நாம் பேசுகிறோம். அச்சாகும் தாளை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் நாளிதழ் நிறுவனம் எழுத்தை விற்கும் ஊடகம் மட்டுமல்ல; காடு, ஆறு, மின்சாரம், கூலியாட்கள் எல்லாவற்றையும் தின்னும் ஓர் உற்பத்தித் தொழிலின் கடைசிக் கண்ணியும்கூட. சாயப்பட்டறைக் கழிவைப் பற்றி முதல் பக்கத்தில் எழுதும் இதழ், தன் தாள் எந்த ஆற்றங்கரையிலிருந்து வருகிறது என்று எழுதுவது அபூர்வம்.

மரத்திலிருந்து தாள்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேற்கு நாடுகளில் காகிதம் கந்தல் துணியிலிருந்து வந்தது. நாளிதழ்கள் பெருகியபோது கந்தல் போதவில்லை. ஜெர்மனியில் ஃபிரெடரிக் காட்லோப் கெல்லரும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் சார்ல்ஸ் ஃபெனர்ட்டியும் ஒருவரையொருவர் அறியாமலே மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார்கள். 1844இல் ஃபெனர்ட்டி தான் செய்த தாளின் துண்டு ஒன்றைக் கடிதத்தோடு அனுப்பிவைத்த இடம் ஹாலிஃபாக்ஸ் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகம். அவருக்கு யாரிடம் போக வேண்டுமென்று தெரிந்திருக்கிறது.

அரைத்தெடுக்கும் கூழில் மரத்தின் பெரும்பகுதி தாளாகிவிடும். ரசாயனத்தில் வேகவைத்தெடுத்தால் ஏறக்குறைய பாதிதான் தேறும். மரம் மிச்சமாகிறதே என்று மகிழ்ந்தால் மறுபக்கம் மின்சாரம் கரைகிறது. வெப்பமேற்றி அரைக்கும் முறையில் ஒரு டன் கூழுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் செலவாகும். லிக்னின் என்ற மரப்பசை தாளிலேயே தங்கிவிடுவதால்தான் வெயிலில் கிடந்த பேப்பர் சில நாளில் மஞ்சளாகிறது. நாளைக்கே பழையதாகிவிடும் பொருளுக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

ஆலை வைத்திருந்த பத்திரிகைகள்

தாள் தடையில்லாமல் வரவேண்டும் என்பதற்காகப் பெரிய பத்திரிகை முதலாளிகள் தாங்களே ஆலை கட்டினார்கள். லண்டனின் ‘டெய்லி மெயில்’ இதழை நடத்திய ஹார்ம்ஸ்வொர்த் சகோதரர்கள், ஜெர்மனியோடு போர் மூண்டால் ஸ்காண்டிநேவியத் தாள் நின்றுவிடும் என்று அஞ்சி, நியூஃபவுண்ட்லாந்து தீவில் பெரும் காட்டைக் குத்தகைக்கு எடுத்து 1909இல் கிராண்ட் ஃபால்ஸ் ஆலையைத் திறந்தனர். ‘சிகாகோ டிரிப்யூன்’ ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் ஆலைகள் அமைத்தது. ‘நியூயார்க் டைம்ஸ்’, கிம்பர்லி-கிளார்க் நிறுவனத்தோடு சேர்ந்து ஒன்டாரியோவின் கப்பஸ்கேசிங் ஊரில் ஸ்புரூஸ் ஃபால்ஸ் ஆலைக்குப் பங்குதாரராக இருந்தது.

மரம்வெட்டிகளின் வாழ்க்கை இந்த ஆலைகளின் மறுபாதி. கிராண்ட் ஃபால்ஸ் ஆலைக்கு மரம் வெட்டியவர்கள் வாரத்துக்கு 60 மணிநேர வேலை, முகாம்களின் இழிநிலை ஆகியவற்றை எதிர்த்து 1959இல் வேலைநிறுத்தம் செய்தபோது, மாகாண முதல்வர் ஜோயி ஸ்மால்வுட் சட்டம் இயற்றி அவர்களுடைய சங்கத்தின் அங்கீகாரத்தையே பறித்தார். மோதலில் காவலர் ஒருவர் இறந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1963 பிப்ரவரியில், ஸ்புரூஸ் ஃபால்ஸ் ஆலைக்கு மரம் வெட்டிய தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் ரீசர் சைடிங் என்ற ரயில் நிறுத்தத்தில் ரத்தத்தில் முடிந்தது. சங்கத்தினர் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள் ஆலை ஆட்கள் அல்லர். ஆலைக்குத் தனியாக மரம் விற்றுப் பிழைத்த குடியேற்ற விவசாயிகள். கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. ஏழையும் ஏழையும் மோதிக்கொண்டதற்கு ஆலையின் பங்குதாரர்கள் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கான சட்டமும் இல்லை.

ஆற்றை நஞ்சாக்கிய வழக்குகளில் டிரைடன் முதன்மையானது. ஒன்டாரியோவின் டிரைடன் ஊரில் இருந்தது நாளிதழ்த் தாள் ஆலையல்ல, வெளுத்த ரசாயனக் கூழ் ஆலை. கூழை வெளுக்கத் தேவையான குளோரினைத் தயாரிக்கப் பக்கத்திலேயே இருந்த ரசாயன ஆலை, 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 9 டன் பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் விட்டது. கீழ்க்கரையில் கிராஸி நாரோஸ், வைட்டாக் ஆகிய ஊர்களின் அனிஷினாபே பழங்குடியினருக்கு மீன்தான் உணவு. மீன்பிடிக்க வருவோருக்கு வழிகாட்டுவதுதான் வேலை. இரண்டும் ஒரே சமயத்தில் போயின. பாதரசத்தால் வரும் ஜப்பானின் மினமாட்டா நோயை ஆராய்ந்த மருத்துவர் மசாசுமி ஹராடா 1975இல் அங்கு போய்ப் பார்த்து, அதே நோயின் அறிகுறிகளைக் கண்டார். ஆலை பிரிட்டனின் ரீட் குழுமத்துக்குச் சொந்தம். 1970இல் அந்தக் குழுமம் இன்டர்நேஷனல் பப்ளிஷிங் கார்ப்பரேஷனோடு இணைந்ததால், தொழிலாளர்களின் குரல் என்று பெயரெடுத்திருந்த ‘டெய்லி மிரர்’ நாளிதழும் அதே கூரையின் கீழ் வந்தது.

கிராண்ட் ஃபால்ஸ் ஆலை பல கை மாறி 2009இல் மூடப்பட்டது. அப்போது அதை வைத்திருந்த அபிடிபிபோவாட்டர் நிறுவனத்தின் நீர், மர உரிமைகளை மாகாண அரசு கையகப்படுத்தியது. கையகப்படுத்தும் பட்டியலில் மாசடைந்த ஆலையையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டது பிற்பாடுதான் தெரிந்தது. கனடாவின் உச்ச நீதிமன்றமும் 2012இல், திவாலான நிறுவனத்திடம் சுத்தம் செய்யும் செலவைக் கேட்கும் அரசு மற்றக் கடன் கொடுத்தோரோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான் என்று தீர்ப்பளித்தது. நூறாண்டு லாபம் ஒருவருக்கு, எஞ்சிய கழிவு மக்களுக்கு என்றாயிற்று.

காட்டைப் பற்றிய கேள்வி உலகச் செய்தியானது 1993இல். கனடாவின் கிளாக்வாட் சவுண்ட் மழைக்காட்டில் மேக்மில்லன் புளோடெல் நிறுவனம் மரம் வெட்டுவதைத் தடுக்கப் பாதையில் உட்கார்ந்த 800க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். போராட்டக்காரர்கள் ஆலையோடு நில்லாமல் அதன் வாடிக்கையாளர்களையும் நெருக்கினர். தாள் வாங்குபவருக்கும் பொறுப்புண்டு என்ற எண்ணம் அதிலிருந்துதான் வேரூன்றியது.

கோட்டா

தாள் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் பத்திரிகையின் கழுத்து இருக்கிறது. இந்தியாவில் பல பத்தாண்டுகள் அந்தக் கை அரசினுடையது. நாட்டின் முதல் பத்திரிகைக் காகித ஆலை மத்தியப் பிரதேசத்தின் நேபாநகரில் எழுந்தது. நேரு 1956இல் அதைத் திறந்துவைத்தார். உள்நாட்டு உற்பத்தி போதாமல், அந்நியச் செலாவணியும் இல்லாமல், இறக்குமதித் தாளை அரசு அளந்து கொடுத்தது. இதுதான் கோட்டா. ஓர் இதழ் எத்தனை பிரதி விற்கிறதோ அதற்கேற்பக் கோட்டா என்பதால் விற்பனையைக் கூட்டிக் காட்டுவதும், மிஞ்சிய தாளைக் கள்ளச் சந்தையில் தள்ளுவதும் பிழைப்பாயின. கோட்டாவுக்காகவே பதிவான பத்திரிகைகளும் உண்டு.

நீதிமன்றம் இதில் மூன்று முறை குறுக்கிட்டது. பக்கத்துக்கேற்ற விலை என்ற சட்டத்தைப் புனேயின் ‘சகால்’ இதழ் எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை 1961இல் ரத்து செய்தது. எந்த நாளிதழும் 10 பக்கத்தைத் தாண்டக் கூடாது என்ற 1972ஆம் ஆண்டுக் கொள்கை பென்னெட் கோல்மன் வழக்கில் விழுந்தது. இறக்குமதித் தாளுக்கு வரி விதித்ததை எதிர்த்து ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தொடுத்த வழக்கில், வரியை மறுபரிசீலனை செய்யும்படி அரசுக்கு உத்தரவாயிற்று. பென்னெட் கோல்மன் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி கே.கே. மேத்யூ, அரிய பொருள் ஒன்றைப் பங்கிடும்போது பெரிய இதழ்களின் சுதந்திரத்தை மட்டும் பார்த்தால் சிறிய இதழ்களின் கதி என்ன என்ற பொருளில் வாதிட்டார். அவருடையது தோற்ற பக்கம். ஆனாலும் அவருடைய கேள்விக்கு இன்றுவரை யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. 1990களின் நடுவில் கட்டுப்பாடு நீங்கியபின், தாளை மொத்தமாக வாங்கிக் குவிக்க வல்லவர்களே விலைப் போட்டியிலும் வென்றார்கள்.

அரசின் நிழலில் ஆலை தனியார் நாளிதழ்களுக்குக் கை மாறினால் எழும் கேள்விகளுக்கு அர்ஜென்டினா உதாரணம். அங்குள்ள பபெல் பிரென்சா ஆலையின் பெரும்பங்கு டேவிட் கிரைவர் என்ற வங்கியாளரிடம் இருந்தது. 1976 ஆகஸ்டில் அவர் விமான விபத்தில் இறந்தார். ராணுவ ஆட்சி நடந்த அந்த ஆண்டு நவம்பரில் அவர் குடும்பம் பங்குகளை விற்றது. ‘கிளாரின்’, ‘லா நாசியோன்’, ‘லா ரசோன்’ ஆகிய மூன்று நாளிதழ்கள் வாங்கின. சில மாதங்களில் ராணுவ ஆட்சி கிரைவரின் மனைவியைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. விற்பனை மிரட்டலின் கீழ் நடந்தது என்று 2010இல் அதிபர் கிறிஸ்டினா கிர்ச்னரின் அரசு குற்றம்சாட்டியது, நாளிதழ்கள் மறுத்தன, 2016இல் நீதிமன்றம் அவற்றின் நிர்வாகிகள் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்தது. கிர்ச்னர் அந்த நாளிதழ்களோடு பகைத்திருந்தார் என்பதும் உண்மை, ராணுவ ஆட்சிக் காலத்தில் அவற்றுக்கு ஆலை கிடைத்தது என்பதும் உண்மை.

கரும்புச் சக்கை

மூங்கிலும் மரமும் குறைந்த தமிழ்நாட்டில் வேறு வழி தேடினார்கள். மாநில அரசு 1979இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், உலக வங்கிக் கடனுதவியோடு கரூர் அருகே புகழூரில் ஆலை கட்டி 1980களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலை இருக்கும் இடத்துக்கே காகிதபுரம் என்று பெயர் வந்துவிட்டது. கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாக வைத்து இவ்வளவு பெரிய அளவில் நாளிதழ்த் தாள் செய்தது உலகளவில் கவனிக்கப்பட்ட முயற்சி.

சக்கை கழிவுதானே, அள்ளிவந்தால் போதும் என்று நினைப்பது தவறு. சர்க்கரை ஆலைகள் அதைக் கொதிகலனில் எரித்துத்தான் ஓடுகின்றன. சக்கையைக் கொடுத்தால் அவற்றுக்கு வேறு எரிபொருள் வேண்டும். ஆகவே காகித நிறுவனம் சர்க்கரை ஆலைகளுக்கு நிலக்கரி முதலியவற்றை மாற்றாகக் கொடுத்துச் சக்கையைப் பெற்றது. மரம் பிழைத்தது; அதன் இடத்தில் நிலக்கரி எரிந்தது. இந்தப் பண்டமாற்றை விட்டுவிட்டு ‘மரம் வெட்டாத தாள்’ என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. அரைவை சில மாதங்கள்தான் நடக்கும் என்பதால் ஆண்டு முழுவதுக்குமான சக்கையைக் குவித்து நனைத்து வைக்க வேண்டும். அதிலுள்ள நாரற்ற மென்பகுதியான சோற்றுப் பொடியைப் பிரித்து எடுத்தால்தான் தாள் நிற்கும். அந்தப் பொடி கொதிகலனுக்குப் போகிறது.

நீர் காவிரியிலிருந்து வருகிறது. சுத்திகரித்த கழிவுநீரை ஆற்றில் விடாமல் சுற்றுவட்டார நிலங்களுக்கு ஏற்றிப் பாய்ச்சும் திட்டத்தை ஆலை நடத்திவருகிறது. வறண்ட நிலத்துக்கு நீர் கிடைப்பது பெரிய வசதி. காகித ஆலைக் கழிவுநீரில் உப்பு அதிகமிருக்கும் என்பதால் மண்ணையும் கிணற்றையும் விடாமல் சோதித்துக்கொண்டிருக்க வேண்டிய வசதியும்கூட. சக்கைக்குக் கூட்டு மின்னுற்பத்தியும் போட்டிக்கு வந்தபின் ஆலை தைல மரத்தையும் சவுக்கையும் விவசாயிகளைக் கொண்டு வளர்க்க வைத்தது. உற்பத்தியும் எழுதுதாள், அச்சுத்தாள் பக்கம் சாய்ந்தது. பெயரில்தான் செய்தித்தாள் மிச்சமிருக்கிறது.

பழைய பேப்பர்

அச்சு மையை நீக்கி மறுபடி கூழாக்கும் யோசனையை 1774இலேயே ஜெர்மன் சட்ட அறிஞர் யுஸ்டுஸ் கிளாப்ரோட் எழுதிவைத்தார். பழைய நாளிதழிலிருந்து மட்டுமே புதிய நாளிதழ்த் தாள் செய்யும் ஆலையை 1961இல் நியூஜெர்சியில் தொடங்கி ஓட்டிக் காட்டியவர் ரிச்சர்ட் ஸ்கடர். அவரும் ஒரு நாளிதழ்க் குடும்பத்துக்காரர். நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகும். ஐந்தாறு சுற்றுக்கு மேல் தாங்காது. ஆகையால் புதுக் கூழ் எங்கோ ஓரிடத்தில் கலந்தே தீர வேண்டும். நம் ஊரில் எடைக்கு எடுப்பவர் இல்லாவிட்டால் இந்தச் சுற்று தொடங்கவே தொடங்காது. அவருக்கு எந்த நிலைத்தன்மை அறிக்கையிலும் இடமில்லை. பழைய பேப்பரின் மற்றொரு பயன் பஜ்ஜி மடிப்பது. மையிலுள்ள எண்ணெயும் சாயமும் உணவில் இறங்கும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016இல் அதற்கு எதிராக அறிவுறுத்தியது. பின்னர் விதியாகவே தடை வந்தது. டீக்கடைகள் இன்னும் அந்த விதியைப் படிக்கவில்லை.

யாரும் படிக்காமலே பழைய பேப்பராகும் பிரதிகள்தான் உறுத்தலானவை. விளம்பரக் கட்டணம் விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்தது. எனவே எண்ணிக்கையை ஊதிக் காட்டும் ஆசை எங்கும் உண்டு. 2004இல் நியூயார்க் பகுதியின் ‘நியூஸ்டே’, அதன் ஸ்பானிய மொழிச் சகோதர இதழ் ‘ஹோய்’ ஆகியவை விற்பனையை மிகைப்படுத்திக் காட்டியது அம்பலமானது. முன்னாள் ஊழியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். இந்த மோசடியில் ஏமாந்தவர் விளம்பரதாரர் என்றுதான் வழக்கு. வீணாக வெட்டிய மரத்துக்கு வாதி இல்லை.

தட்டுப்பாடு

இந்தியா தன் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. ரஷ்யாவும் கனடாவும் முக்கியமான மூலங்கள். 2019இல் விதித்த 10 சதவீதச் சுங்கவரி அடுத்த ஆண்டு 5 ஆகக் குறைந்தது. வாசகர் குறையக் குறைய உலகின் பல ஆலைகள் அட்டைப்பெட்டித் தாளுக்கு மாறிவிட்டன. இணைய வணிகத்துக்கு அதுதான் வேண்டும். நேபாநகர் ஆலை புதுப்பிப்புக்காக 2016இல் நின்று 2022இல் மீண்டும் ஓடியது. கேரளத்தின் வெள்ளூரில் இருந்த மத்திய அரசு ஆலையை மாநில அரசு எடுத்து வேறு பெயரில் நடத்துகிறது.

உக்ரைன் போரும் செலாவணி நெருக்கடியும் ஒன்றாக வந்த 2022 மார்ச்சில் இலங்கையின் உபாலி நிறுவனம் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ நாளிதழ்களின் சனிக்கிழமைப் பதிப்பைத் தாளில் நிறுத்தி இணையத்தில் மட்டும் வெளியிட்டது. அதே மாதம் மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுத்தாள் அச்சிடக் காகிதமில்லாமல் தவணைத் தேர்வுகள் தள்ளிப்போயின.