தொலைதூர நிலவின் காற்று

காற்றைக் கண்ணாற் காண்டல் இயலாது. அது பிறிதொரு பொருளை அசைக்கும்போதே அதன் திசையும் வேகமும் புலப்படுகின்றன. இவ்வுண்மையை யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கடலோடிகள் நன்கு உணர்ந்திருந்தனர். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் எனத் திசைக்கொரு பெயரிட்டழைத்த அவர்கள், பாயின் புடைப்பையும் கலத்தின் விலகலையும் கொண்டே காற்றை மதிப்பிட்டனர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அவ்வூர்க் கடலோடிகளுடன் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தமை அவ்வறிவுக்குச் சான்றாகும்.

2005ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி தைப்பொங்கல். ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையைத் தாக்கிப் பத்தொன்பது நாட்களே சென்றிருந்தன. அன்று, சனிக்கோளின் மிகப் பெரிய நிலவாகிய தைற்றனில் ஹைகன்ஸ் என்னும் ஐரோப்பிய ஆய்கலம் இறங்கியது. பரசூட்டிலே தொங்கி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இறங்கிய அக்கலத்தை, அங்குள்ள காற்று பக்கவாட்டில் அள்ளிச் சென்றது.

நெருங்கிவரும் புகைவண்டியின் ஊதல் உயர்ந்தும், விலகிச்செல்லும்போது தாழ்ந்தும் கேட்கின்றது. அவ்வாறே, அசையும் கலம் அனுப்பும் வானொலி அலையின் மீடிறனும் சிறிது மாறும். தொப்பிளர் விளைவு எனப்படும் இம்மாற்றத்தை அளந்தால் காற்றின் வேகத்தைக் கணிக்கலாம். ஜேர்மனியின் பான் நகரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மைக்கேல் பேர்ட் தலைமையிலான குழு இதற்கெனப் பல்லாண்டுகள் உழைத்திருந்தது.

ஆயின், அவ்வலையைப் பெறவேண்டிய கசினி விண்கலத்தின் வாங்கி இயங்கவில்லை. அதனை இயக்குங் கட்டளை விடுபட்டுப்போயிற்று. உழைப்பனைத்தும் வீணாகும் நிலையிற் பூமியே கைகொடுத்தது. அமெரிக்காவின் கிறீன் பாங்க், அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் முதலிய இடங்களிலுள்ள வானொலித் தொலைகாட்டிகள், ஏறத்தாழ 120 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்த அம்மெல்லிய அலையை நேரே பற்றிக்கொண்டன.

தைற்றனில் 120 கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 430 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசியமை தெரியவந்தது. கீழே ஓரடுக்கில் அது பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. நிலத்தருகே மென்காற்றாக அடங்கியது. தன்னைத்தான் ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 16 நாள் எடுக்கும் அந்நிலவை முந்தி அதன் மேல்வளி விரைகின்றது என்னும் கருத்தும் உறுதியாயிற்று.

பொங்கற் காலத்தில் வல்வெட்டித்துறையிற் பட்டமேற்றுவோர்க்கு, மேலுள்ள காற்றின் வலிமையைக் கையிலுள்ள நூலே உணர்த்தும். தைற்றனின் காற்றை அளந்தோர்க்கு வானொலி அலையே நூலாயிற்று. மாற்றுப்பாய் ஏற்றிச் செல்லும் கடலோடியைப்போலத் தொலைகாட்டிகளை முன்கூட்டியே ஆயத்தஞ்செய்து வைத்திருந்தமையால், அந்நூல் அவர்கள் கையைவிட்டு நழுவவில்லை.