தமிழ்நாட்டு மலைப்பாதைகளில் மிதிவண்டிப் பயணம்

தமிழ்நாட்டு மலைப்பாதைகளில் மிதிவண்டிப் பயணம் என்பது மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை ஆகியவற்றின் மீது ஏறும் தார்ச் சாலைகளிலும், மலைகளுக்கிடையே அமைந்த கணவாய்களிலும் மிதிவண்டியில் மேற்கொள்ளப்படும் பயணத்தைக் குறிக்கும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் நூறாண்டுகளுக்கும் மேலாக வழக்கிலுள்ள இவ்விளையாட்டு, தமிழ்நாட்டில் 2000களின் பிற்பகுதியிலிருந்து பரவலாயிற்று. நீலகிரி, ஆனைமலை, கொல்லிமலை, ஏற்காடு, ஏலகிரி ஆகியவற்றின் சாலைகள் இதற்குப் பெயர்பெற்றவை.

உயரத்தில் நீலகிரி ஆல்ப்ஸ் கணவாய்களுக்குப் பெரிதும் குறைந்ததன்று. தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். புகழ்பெற்ற மிதிவண்டிப் போட்டியான தூர் த பிரான்சில் இடம்பெறும் கலிபியே கணவாயின் உயரம் 2,642 மீட்டர்.

வரலாறு

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை 1820 முதல் 1825 வரையான காலத்தில் அமைக்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறத்தாழ அதே காலத்தில்தான் நீலகிரியின் முதல் பாதையும் உருவானது. 1819 இல் நீலகிரிக்குச் சென்ற கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன், சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு 1820களின் தொடக்கத்தில் பாதை அமைக்கச் செய்தார். குன்னூர் வழியான மலைப்பாதை 1830களில் அமைந்தது. மாட்டு வண்டிகளும் குதிரைகளும் ஏறுவதற்காக அமைக்கப்பட்ட இப்பாதைகள், நேராக மேலேறாமல் மலைச்சரிவில் வளைந்து வளைந்து சென்றன. இன்று மிதிவண்டி ஏறுவதற்கும் அவ்வமைப்பே துணைசெய்கிறது.

தூர் த பிரான்சு போட்டி 1910 இல் பிரனீசு மலைகளின் உயர்ந்த கணவாய்களுக்கும், 1911 இல் கலிபியே கணவாய்க்கும் கொண்டு செல்லப்பட்டது. பல்லிணை மாற்றும் கருவியைப் பயன்படுத்த அப்போட்டியில் 1937 இல்தான் அனுமதி கிடைத்தது.

தமிழ்நாட்டில் இவ்வகைப் பயணங்களுள் அறியப்பட்டது நீலகிரி மிதிவண்டிச் சுற்றுப்பயணம் ஆகும். இது 2008 திசம்பரில் முதன்முறையாக நடைபெற்றது. கருநாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களின் மலைச் சாலைகள் வழியே பல நாட்கள் செல்லும் இப்பயணத்தில் கல்லட்டி ஏற்றம் பெயர்பெற்ற பகுதியாகும்.

முதன்மையான பாதைகள்

- மேட்டுப்பாளையம் - குன்னூர் - உதகமண்டலம்: ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்குச் செல்கிறது. தொலைவு சுமார் 50 கிலோமீட்டர். குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சாய்வு ஓரளவு சீரானது. எனினும் பேருந்து, சரக்குந்துப் போக்குவரத்து மிகுதி.
- மேட்டுப்பாளையம் - கோத்தகிரி: சுமார் 33 கிலோமீட்டர். குன்னூர்ப் பாதையைக் காட்டிலும் போக்குவரத்து குறைவு.
- மசினகுடி - கல்லட்டி - உதகமண்டலம்: 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. நீலகிரிச் சாலைகளுள் மிகச் செங்குத்தானதாகக் கருதப்படுகிறது.
- ஆழியாறு - வால்பாறை: 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்கிறது. வழியில் வரையாடுகளையும் சிங்கவால் குரங்குகளையும் காணலாம்.
- காரவள்ளி - கொல்லிமலை: நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. வல்வில் ஓரி ஆண்ட மலை இதுவே.
- பண்ணாரி - திம்பம்: 27 கொண்டை ஊசி வளைவுகள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் அமைந்தது.
- போடிநாயக்கனூர் - போடிமெட்டு: 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சென்றால் மூணாறு செல்லும் சாலை தொடர்கிறது.
- சேலம் - ஏற்காடு: 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது.
- ஏலகிரி: 14 கொண்டை ஊசி வளைவுகள். இவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. காஞ்சிபுரம் போன்ற வட மாவட்டங்களிலிருந்து செல்வோருக்கு அருகிலுள்ள மலைப்பாதைகளுள் இதுவும் ஒன்று.

கணவாய்களுள் பாலக்காட்டுக் கணவாய் அகன்றது, உயரம் குறைந்தது. இங்கு ஏற்றத்தைவிடக் காற்றே பெருந்தடை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோர் எதிர்காற்றில் மிதிக்க வேண்டியிருக்கும்.

ஏற்றத்தின் கணக்கு

சாய்வு, விழுக்காட்டில் கூறப்படுகிறது. நூறு மீட்டர் தொலைவில் ஐந்து மீட்டர் உயர்ந்தால் அது 5 விழுக்காட்டுச் சாய்வு. ஒப்பீட்டுக்கு, பற்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் நீலகிரி மலை இரயிலின் உச்சச் சாய்வு ஏறத்தாழ 8 விழுக்காடு.

மிதிப்பவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொள்வோம். 1,000 மீட்டர் உயரம் ஏற, புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் செய்யும் வேலை 784 கிலோயூல் (80 × 9.8 × 1,000). ஒன்றரை மணி நேரத்தில் ஏறினால் இடைவிடாது சுமார் 145 வாட் திறன் தேவை. உராய்வும் காற்றுத்தடையும் இதற்கு மேல் சேரும்.

உத்திரமேரூர் போன்ற சமவெளி ஊர்களில் வழக்கமாக ஓட்டப்படும், ஒரே பல்லிணை கொண்ட மிதிவண்டியில் மிதியை ஒருமுறை சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் செல்லும். சமதரைக்கு இது பொருத்தம். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், நிமிடத்திற்கு 25 சுற்றுகளே மிதிக்க இயலும். ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் மீது பெருஞ்சுமை விழும். முன்புறம் 34 பற்களும் பின்புறம் 32 பற்களும் கொண்ட இணையில் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டே கால் மீட்டர் அளவே நகரும். அதே வேகத்தில் நிமிடத்திற்கு 60 சுற்றுகள் மிதிக்கலாம். செய்யும் வேலை மாறுவதில்லை. அது சிறு சிறு பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது.

இறக்கமும் பாதுகாப்பும்

ஏற்றத்தில் களைப்பே இடர். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இறக்கத்தில்தான் நேர்கிறது. ஏறும்போது சேர்த்த 784 கிலோயூல் ஆற்றலும் இறங்கும்போது வெளியேற வேண்டும். இது இரண்டரை லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 100 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப் போதுமானது. இதில் ஒரு பகுதியைக் காற்றுத்தடை எடுத்துக்கொள்கிறது. எஞ்சியது பிரேக்கில் வெப்பமாகிறது. சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கை விட்டு, இடையிடையே நின்று குளிரவிடுவது முறை.

மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது போக்குவரத்து விதி. கொண்டை ஊசி வளைவில் பேருந்து சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், அது திரும்பி முடிக்கும் வரை வளைவுக்கு வெளியே காத்திருத்தல் நலம். கல்லட்டிச் சாலையில் 2018 இல் உயிர்ப்பலி கொண்ட மகிழுந்து விபத்துக்குப் பின் வெளிமாவட்ட வாகனங்களுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன.

காடும் காலநிலையும்

இப்பாதைகள் பல யானை வழித்தடங்களைக் கடப்பவை. முதுமலையை அடுத்த பந்திப்பூர்ச் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. திம்பம் சாலையில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2022 இல் இரவுத் தடை செயற்படுத்தப்பட்டது. ஓசையின்றி வரும் மிதிவண்டி விலங்குகளை மிக அருகில் திடுக்கிடச் செய்யக்கூடும். எனவே காப்பகப் பகுதிகளில் மிதிவண்டிக்கு அனுமதி உண்டா என்பதை வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டறிந்த பின்னரே செல்லுதல் வேண்டும். அதிகாலையிலும் அந்தியிலும் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மண் சரிவுகள் ஏற்படுகின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் நிகழ்ந்த மண் சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கூடலூர்ப் பக்கம் சூன் முதல் செப்டம்பர் வரை கனமழை பெய்யும். சனவரி முதல் மார்ச்சு வரையான மாதங்கள் பயணத்திற்கு ஏற்றவை. சனவரியில் உதகைப் பகுதியில் உறைபனி விழுவதால், காலை இறக்கத்திற்குக் கையுறையும் காற்றுத் தடுப்புச் சட்டையும் தேவை. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் புட்டிகளுக்குத் தடை உள்ளதால், மீண்டும் நிரப்பக்கூடிய புட்டியை எடுத்துச் செல்ல வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- நீலகிரி மலை இரயில்
- தொட்டபெட்டா
- பாலக்காட்டுக் கணவாய்
- கொல்லிமலை
- தூர் த பிரான்சு